மாடியில் டிஷ், ஏரிக்கு அப்பால் ராக்கெட்

டிவிக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள் எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனவைதான் என்பது, அந்த ஏவுதளத்துக்கு ஏரியின் இக்கரையில் இருக்கும் எங்கள் சூளூர்பேட்டையில் அசைக்க முடியாத நம்பிக்கை. மறுத்துப் பேசினால், "தம்பி என்ன இஸ்ரோ தலைவரா?" என்று டீக்கடையில் மடக்கிவிடுகிறார்கள்.

தூர்தர்ஷனை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த இன்சாட்-1பி செயற்கைக்கோளே, 1983இல் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடத்தில் போனது. அதற்கு முந்தைய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்துவிட்டது. இஸ்ரோவின் வணிகத்தைக் கவனிக்க 1992இல் ஆன்ட்ரிக்ஸ் வந்தது. 2019இல் நியூஸ்பேஸ் இந்தியா என்ற இன்னொரு அரசு நிறுவனமும் பிறந்தது. எதற்கு இரண்டு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆனால் புதியது சுறுசுறுப்பானதுதான். முன்பெல்லாம் செயற்கைக்கோளை அனுப்பிவிட்டு வாடிக்கையாளரைத் தேடுவார்கள். இவர்கள் ஆளைப் பிடித்த பிறகே அனுப்புகிறார்கள். 2022இல் போன ஜிசாட்-24இன் மொத்தத் திறனையும் டாடா பிளே குத்தகைக்கு எடுத்தது. அதே ஆண்டு, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த 10 செயற்கைக்கோள்களை இந்த நிறுவனத்துக்கு மாற்ற மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அந்த ஜிசாட்-24 ஏறியதும் தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவில்தான். நான்கு டன்னைத் தாண்டினால் நம் ராக்கெட்டுக்கு மூச்சு வாங்கும். 2024இல் 4,700 கிலோ ஜிசாட்-என்2 புளோரிடாவிலிருந்து போனது.

2025 நவம்பரில்தான் 4,410 கிலோ சிஎம்எஸ்-03 இங்கிருந்தே கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி கடகடக்க, எதிர்வீட்டுத் தெலுங்கு அத்தை அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். டீக்கடையில் எல்லோருக்கும் என்னைப் பார்த்து ஒரே இளிப்பு. அது கடற்படைக்கானது, நம் சீரியலுக்கு அதில் இடமில்லை என்றேன். யார் கேட்டார்கள்!