கோத்தகிரியில் ஒரு சங்கு அறை: கம்பி கட்டியதிலிருந்து வெளிப்பூச்சு வரை

மெக்சிகோ நகரத்தை ஒட்டிய நௌகல்பானில் கட்டடக் கலைஞர் ஹாவியர் செனோசியாயின் கட்டிய நாட்டிலஸ் வீடு 2006-ல் முடிந்தது. கடல் சங்கு போலச் சுருண்டு போகும் வீடு. உள்ளே நேர்ச்சுவரே கிடையாது, தரையெல்லாம் செடி, நடுவில் கல் பாதை, முகப்பில் வண்ணக் கண்ணாடி. அதன் படங்களைப் பார்த்ததிலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்க ஒரு சின்ன அறை போதும் என்று தொடங்கினேன். இப்போது வெளிப்பூச்சு முடிந்திருக்கிறது.

சுருளை வரைவதுதான் முதல் வேலை. முளை அடித்துக் கயிறு சுற்றி வரைந்தால் இடைவெளி எல்லாச் சுற்றிலும் ஒரே அளவாக வரும். அது கொசுவத்திச் சுருள், சங்கு இல்லை. நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் ஓடு ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அதைத் தங்க விகிதச் சுருள் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் தங்கச் சுருள் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு விரிந்துவிடும். நான் நடுவிலிருந்து 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டிலும் முந்தைய நீளத்தை 1.096-ஆல் பெருக்கிப் புள்ளி வைத்தேன். 30 செ.மீ.-இல் தொடங்கினால் முதல் சுற்றில் 90, இரண்டாம் சுற்றில் 270. புள்ளிகளைச் சேர்த்துச் சுண்ணாம்புத் தூளைத் தூவியதும் மண்ணிலேயே சங்கு தெரிந்தது. கோத்தகிரிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவதால் வாயைத் தென்மேற்கே திருப்பினேன்.

கட்டுமானம் ஃபெரோசிமெண்ட், அதாவது கம்பி வலைமேல் சிமெண்டுக் கலவை பூசிக் கட்டும் முறை. 8 மி.மீ. கம்பியை வளைத்து எலும்புக்கூடு, அதன் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடுக்குக் கோழி வலை, எல்லாம் கட்டுக்கம்பியால் இறுக்கியது. "தூக்குக்குண்டு போடாம சுவர் சரியா இருக்குன்னு எப்படிங்க சொல்றது?" என்று கொத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. நீளமான மூங்கில் சீவலை வலைமேல் படுக்க வைத்துக் காட்டினேன். வளைவு ஒழுங்காக இருக்கும் இடத்தில் சீவல் முழுக்க ஒட்டிக்கொள்ளும். புடைப்போ பள்ளமோ இருந்தால் ஒரு பக்கம் தூக்கும். அதன் பிறகு அவரே சீவலை எடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தட்டிச் சரிசெய்தார். இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வளைவு சீராக இருந்தால்தான் எடை நசுக்கும் விசையாகவே தரைக்கு இறங்கும், மூன்று செ.மீ. தோலே அதற்குப் போதும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல், தண்ணீர் குறைவாக. ஒருவர் உள்ளே பலகையை அண்டக்கொடுக்க, வெளியிலிருந்து கரணையால் அழுத்துவோம். கலவை வலையைத் தாண்டி மறுபக்கம் பிதுங்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பொந்து விழும், கம்பி துருப்பிடிக்கும். உறைபனிக் காலம் போகட்டும் என்று காத்திருந்துதான் ஆரம்பித்தோம். குளிரில் சிமெண்ட் மெதுவாக இறுகும், ஈரக் கலவை உறைந்தால் வேலையே பாழ். பூச்சு சீக்கிரம் காயாமலிருக்க மேலே போர்த்திய சாக்கு மூடுபனி நாட்களில் தானாக நனைந்தே இருந்தது.

மலையில் வளைந்த வீடு புதிதல்ல. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தில் போய்ப் பாருங்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்த அரைவட்டக் கூரை. குனிந்து நுழையும் அளவுக்கே வாசல். குளிருக்கும் காற்றுக்கும் அதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. என் வாசலையும் அதைப் பார்த்துத்தான் சிறிதாக்கினேன்.

மெல்லிய சிமெண்டுத் தோல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், உள்பக்கம் மூச்சுக்காற்றின் ஈரம் துளி கட்டும். செனோசியாயின் 1985-இல் கட்டிய 'காசா ஆர்கானிகா' என்ற வீட்டை மண்ணால் மூடிப் புல் வளர்த்தார். நான் முழுவதும் மூடப் போவதில்லை: பத்து செ.மீ. ஈர மண்ணே சதுர மீட்டருக்கு 180 கிலோவுக்கு மேல் வரும். மேட்டுப் பக்கம் இடுப்பளவு மண் அணைத்து, உச்சியில் காற்றுத் துளை விட்டு, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு கொடுக்க இருக்கிறேன். முகப்புக்குப் பச்சை, நீலப் பாட்டில்களின் அடிப்பாகம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றைப் பதிப்பது அடுத்த வேலை.