புழு தோண்டப் போன இடத்தில்

அக்டோபர் 19, சனி

அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. ஏற்காட்டில் காலையிலிருந்தே மழையாம். மாமனார் வீட்டில் தலையைத் துவட்டத் துண்டும், குடிக்க மிளகு ரசமும் தயாராக இருந்தன.

மச்சான் மகன் ஏழாவது படிக்கிறான். என்னைப் பார்த்தாலே அவனுக்குத் தூண்டில் ஞாபகம்தான். "மாமா, நாளைக்குக் குட்டைக்குப் போலாம். காலைலயே புழு தோண்டிடணும்."

மாமனார் சிரித்தார். வாலிபத்தில் பன்றிக்கும் முயலுக்கும் போனவர் அவர். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் விட்டுவிட்டாராம். (அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறார் என்பது மாமியார் தரப்பு.) "எங்க காலத்துல பன்னி வேட்டை. மாப்பிள்ளை காலத்துல புழு வேட்டை" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடி. மக்கிய இலையைக் காலால் ஒதுக்கிவிட்டுக் களைக்கொத்தால் பையன் கொத்தினான். நான் கொட்டாங்குச்சியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்துப் பதினைந்து புழு சேர்ந்திருக்கும்.

"மாமா, பெரிய புழு!"

ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் தடிமன். கையை நீட்டியவன், அது நெளிந்த விதத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். புழு சுருங்கி நீளும். இது வளைந்து ஓடப் பார்த்தது. மேலே செதில், ஈர வெளிச்சத்தில் எண்ணெய் பூசியது போல. கருப்புதான், ஆனால் திரும்பும்போது நீலமும் ஊதாவுமாக மின்னியது. பக்கவாட்டில் மஞ்சள் தீற்றல். ஒரு முனை ஊசியாகக் கூம்பியிருந்தது. மறுமுனை கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டாற்போல மொண்ணை. அதில் மட்டும் ஒரு பொட்டு மண் அப்பியிருந்தது. எது தலை என்று எனக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. கூர்முனையில் கடுகை விடச் சின்னதாக ஒரு கண்.

இலையோடு சேர்த்து உள்ளங்கையில் ஏந்தினேன். கடிக்கவில்லை. விரலைச் சுற்றிக்கொண்டு, மூக்கால் விரல் இடுக்கைத் துளைத்துப் பார்த்தது. அந்த உடம்புக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

மாமனார் வந்து பார்த்தார். "இதுவா? காப்பிக்குக் குழி எடுக்கறப்ப வரும். வெட்டித் தூரப் போட்டுருவோம்." சொல்லிவிட்டு அவரே குனிந்து அதை மறுபடி பார்த்தார்.

நான்கைந்து படம் எடுத்துக்கொண்டு எடுத்த இடத்திலேயே விட்டோம். மண்ணுக்குள் போனதைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இருந்தது, இல்லை, அவ்வளவுதான். கடைசியாக அந்த மொண்ணை வால் மட்டும் குழிக்கு மூடி போட்டது போல ஒரு கணம் தெரிந்தது.

மீன் ஒன்றும் மாட்டவில்லை. ராத்திரி படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

போட்டிருக்கக் கூடாது. காலையில் கடையைத் திறப்பதற்குள் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அண்ணே, இருதலை மணியன் இருக்காமே? என்ன எடை வரும்?" அது இல்லை என்றேன். "எதா இருந்தாலும் பரவால்லண்ணே, பார்ட்டி ரெடியா இருக்கு." இருதலை மணியன் பாம்பைப் பிடித்தாலும் விற்றாலும் வழக்குதான், அதற்கு மந்திர சக்தி என்று நம்பி லட்சக்கணக்கில் ஏமாறும் கூட்டம் இன்னும் ஓயவில்லை. ஸ்டேட்டஸை அழித்தேன். மச்சானுக்குப் போன் போட்டு, யார் வந்து கேட்டாலும் தோட்டத்தைக் காட்ட வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

விலங்கியல் சொல்லித்தரும் கல்லூரி நண்பனிடம் படத்தைக் காட்டினேன். கையிலிருந்த டீயை மறந்துவிட்டான். கேடயவால் பாம்பாம். விஷமில்லை, முட்டையிடாது, குட்டி போடும். அந்தக் குடும்பமே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். வாலில் அப்பும் மண்தான் பின்னால் துரத்தி வருபவனுக்கு அடைப்பு. நான் கண்டது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கே உரிய இனமாகத்தான் இருக்கும் என்றான். 1863-ல் பெடோம் என்ற வெள்ளைக்கார அதிகாரி விவரித்து, ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை வைத்தார். பிறகு அதை வேறொரு பாம்போடு சேர்த்துவிட்டார்கள். 2014-ல்தான் மறுபடி தனி இனமாகப் பிரித்தார்கள்.

"சாப்பாடு என்ன தெரியுமா?" என்றான். "மண்புழு."

அப்போ அன்றைக்கு அந்த மரத்தடியில் நாங்கள் மூன்று பேர் ஒரே வேட்டைக்கு வந்திருக்கிறோம். எங்களிடம் மட்டும்தான் களைக்கொத்து.

இதற்கு முன்னால் எத்தனை "பெரிய புழு" துண்டாகியிருக்கும் என்று பையனிடம் போனில் கேட்டேன். பதில் இல்லை. அப்புறம் மெதுவாக, "ரெண்டு, மாமா" என்றான்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளித் துணி கொடுக்க மறுபடி மலை. பையன் மைதா மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து வைத்திருந்தான். அதில் இரண்டு ஜிலேபி மீன் மாட்டியது, உள்ளங்கை அகலம்கூட இல்லை. மாமியார் குழம்பு வைக்க மறுத்துவிட்டார்.

மழை விட்டதும் கிளம்பினோம். இந்தப் பாம்புகள் மழைக்கு மேலே வந்து ரோட்டில் நசுங்கும் என்று நண்பன் சொல்லியிருந்தான். அதனால் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டினேன். பதினொன்றாவது வளைவில் நடு ரோட்டில் கருப்பாக, ஒரு சாண். வண்டியை ஓரங்கட்டி, பின்னால் வந்த வேனைக் கை காட்டி நிறுத்தி, ஓடிப்போய்க் குனிந்தேன்.

சைக்கிள் டியூப்.

வேன்காரர் ஹாரன் அடித்ததை விட, பின்சீட்டில் இருந்த என் வீட்டம்மா சிரித்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.