மிளகாய் விதையைக் குவியலில் தேடாதீர்கள், செடியில் தேடுங்கள்

வத்தல் குவியலில் பெரிதாகவும் நல்ல சிவப்பாகவும் இருப்பதைப் பொறுக்கி அடுத்த பட்டத்துக்கு விதை எடுப்பது பல ஊர்களில் வழக்கம். அது விளைச்சலைக் கூட்டாது. குறைக்கக்கூடச் செய்யும். குறைவாகக் காய்த்த செடியில் காய் பருக்கும். நிறையக் காய்த்த செடியில் காய் சிறுக்கும். குவியலில் பெரிய பழத்தைத் தேடும்போது நம்மை அறியாமல் காய்ப்பு குறைந்த செடிகளையே பெருக்குகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்பிடிக்கும். ஆனால் தேனீக்கள் அயல் மகரந்தத்தையும் கொண்டுவரும். பழத்தின் தோலும் வடிவமும் தாய்ச்செடியுடையவை. உள்ளே இருக்கும் விதைக்குத் தகப்பன் யார் என்பது பழத்தைப் பார்த்தால் தெரியாது. இராமநாதபுரம் முண்டு என்பது உருண்டை மிளகாய். பக்கத்துப் புஞ்சையில் நீளமான சம்பா மிளகாய் நின்றால், முண்டுப் பழத்து விதையிலிருந்தே நீளக் காய் வரலாம். அரசுச் சான்று பெறும் விதை வயலுக்கு மற்ற மிளகாய் ரகங்களிலிருந்து 200 மீட்டர் இடைவெளி கேட்பது இதனால்தான்.

செடியைத் தேர்வு செய்யும்போது, வயலைச் சுமார் 50 செடிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிறந்த இரண்டை மட்டும் எடுங்கள். மொத்த வயலில் தேடினால் எரு அதிகம் விழுந்த மூலையிலிருந்தே எல்லாச் செடியும் வந்துவிடும். வரப்போரச் செடியும், பக்கத்துச் செடி செத்த இடத்தில் நிற்பதும் வேண்டாம். முதல் பறிப்பு முடிந்ததும் தேர்ந்த செடியின் ஒரு கிளையில் விரிந்த பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளி, மொட்டுகளை மட்டும் விட்டுக் கொசுவலைப் பை கட்டுங்கள். மகரந்தம் உதிரக் காலையில் கிளையைத் தட்டிவிட்டால் போதும். காய்பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். விதையைச் செடிவாரியாகத் தனித்தனியே வைத்து, அடுத்த பட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் 20 நாற்று வரிசையாக நட்டு, பழைய விதையில் வந்த வரிசையோடு ஒப்பிடுங்கள். பச்சை எடை ஏமாற்றும். சதை தடித்த பழம் மெதுவாகக் காயும், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கிலோ பழம் காய்ந்து எத்தனை கிராம் வத்தலாகிறது என்று நிறுத்துப் பாருங்கள். காம்பு எளிதில் கழன்றால் அந்த வரிசையைக் கழித்துவிடலாம்.

இரண்டு ரகங்களின் குணம் ஒன்றாக வேண்டுமென்றால் கலப்புதான் வழி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே-2 மிளகாய் ரகமே சாத்தூர் சம்பாவை ஒரு பெற்றோராகக் கொண்டு வந்தது. தாய்ச்செடியில் மறுநாள் விரியப்போகும், வெளுத்துப் பருத்த மொட்டை மாலையில் இடுக்கியால் மெல்லத் திறந்து, ஐந்தாறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு மூடிவையுங்கள். ஒரு பை வெடித்து தூள் தெரிந்தாலும் அந்த மொட்டு பயன்படாது. மறுநாள் காலை 8 முதல் 11 மணிக்குள் ஆண் செடியின் புதுப்பூ மகரந்தத்தைப் பூவின் நடுவே நிற்கும் சூல்தண்டின் நுனியில் (சூலகமுடி) தடவி, மீண்டும் மூடிச் சீட்டுக் கட்டுங்கள். ஆண் செடியை மாற்றும்போது இடுக்கியைச் சாராயத்தில் (ஸ்பிரிட்) துடைக்க வேண்டும். இப்படிச் செய்த பூக்களில் பாதிக்கு மேல் உதிர்வது சாதாரணம்: சூல்தண்டில் இடுக்கி பட்டிருக்கும், அல்லது வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருக்கும், அல்லது அதே கிளையில் முன்பே பிடித்த காய்கள் சத்தை இழுத்திருக்கும். அந்தக் காய்களை முதலிலேயே கிள்ளிவிடுங்கள்.

முதல் தலைமுறை ஒரே மாதிரி நிற்கும். அதில் மயங்கி அதையே ரகம் என்று விதை பிரித்துவிடக் கூடாது. குணங்கள் பிரிவது இரண்டாம் தலைமுறையில். மூன்று ஒடுங்கு குணங்கள் (தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரிபவை) ஒரே செடியில் சேர 64-க்கு 1 வாய்ப்பு. ஆகவே 200 செடியாவது நட்டால்தான் மூன்று செடி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். பிறகு ஆறாம் தலைமுறை வரை செடிவாரித் தேர்வு, பை கட்டுதலோடு.

இலைச்சுருள் நோய் வந்த வயலில் பச்சையாகத் தப்பி நிற்கும் ஒற்றைச் செடிக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நோயைப் பரப்பும் வெள்ளை ஈ அதை எட்டாமலே போயிருக்கலாம். அதன் நாற்றுகளை நோயுள்ள வரிசைகளுக்கு நடுவே, மருந்தடிக்காமல் நட்டுப் பார்த்த பிறகே அதைத் தாய்ச்செடியாக எடுங்கள்.