ஈரல் புழுவுக்கு மருந்து ஊற்றும் முன் புழுவின் வயதைப் பாருங்கள்

செம்மறி ஆட்டின் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால், கையில் இருக்கும் குடற்புழு மருந்தை ஊற்றிவிடுகிறோம். ஆனால் ஈரல் புழு மட்டுமல்ல, இரத்தம் குடிக்கும் உருளைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும். புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஈரல் புழுவுக்கென்று சொல்லிக் கொடுங்கள். அதன் முட்டை கனமானது. மிதக்க வைத்துப் பார்த்தால் தப்பிவிடும், படிய வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

புல்லோடு உள்ளே போன குஞ்சுப்புழு குடலைத் துளைத்து ஈரலுக்குள் புகுந்து, ஆறேழு வாரம் அதைக் குடைந்தபடி திரியும். பிறகுதான் பித்தக்குழாயில் குடியேறும். முட்டை வர 10 முதல் 12 வாரம் ஆகும். அதனால் மழைக்காலம் முடிந்த கையோடு, வீக்கமே இல்லாமல் ஆடுகள் பொத்தென்று விழுந்து செத்தால், பரிசோதனையில் முட்டை இல்லை என்று வந்தாலும் நம்பாதீர்கள். செத்த ஆட்டை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரல் வீங்கி, மேலெல்லாம் இரத்தக் கோடுகளோடு நைந்திருக்கும். வயிற்றுக்குள் இரத்தம் கலந்த நீர் நிற்கும்.

அந்த நிலையில் ஆல்பெண்டசோலும் ஆக்ஸிகுளோசனைடும் உதவாது, இரண்டும் வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும். ஐவர்மெக்டின் எந்த வயதுப் புழுவையும் தொடாது. இரண்டு வாரக் குஞ்சையும் கொல்லக்கூடியது ட்ரைக்லாபெண்டசோல், கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். 5 சதவீதக் கரைசல் என்றால் 30 கிலோ ஆட்டுக்கு 6 மில்லி. கண்மதிப்பில் 20 கிலோ என்று 4 மில்லி ஊற்றினால் பிழைத்த புழுதான் பெருகும். மருந்து எதிர்ப்பு அப்படித்தான் வளர்கிறது. ஆகவே தராசில் நிறுத்துங்கள். குளோசன்டெல் கொடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அளவு மீறினால் ஆட்டுக்குக் கண் போய்விடும். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடவே கூடாது.

ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்காதீர்கள், மருந்து நுரையீரலுக்குள் போகும். கடைவாய் ஓரமாகக் குழாயை விட்டு நாக்கின் பின்பகுதியில் இறக்க வேண்டும்.

21 நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி பாருங்கள். முட்டை எண்ணிக்கை 90 சதவீதமாவது குறையவில்லை என்றால், முதலில் எடையையும் ஊற்றிய அளவையும் சரிபார்த்துவிட்டு, மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

மருந்து கொடுத்த மந்தையை அதே ஈரநிலத்தில் திரும்ப மேயவிட்டால் அன்றைக்கே புதுக்குஞ்சு ஏறத் தொடங்கும். இந்தக் குஞ்சு புல்லில் ஏறும் முன் நத்தைக்குள்தான் வளர்கிறது. அந்த நத்தை வாழ்வது வாய்க்கால் ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டி கசியும் சேற்றிலும்தான். கசிவை அடைத்து, அந்த ஓரங்களை வேலியிட்டு ஒதுக்குங்கள்.