எஸ்இஓ கம்பெனிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்: ஆத்தங்குடி பட்டறையிலிருந்து ஓர் அனுபவம்

எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் நம் வெப்சைட்டை மேலே கொண்டுவரும் வேலைக்கு ஒரு கம்பெனியை வைத்திருந்தோம்; அவர்கள் கையில் இருந்த எங்கள் டொமைன் (வெப்சைட் முகவரி) ஒருவழியாக எங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது கைக்கு வராமல் எழுதினால் கோபத்தில் கம்பெனி பெயரையும் சேர்த்துப் போட்டுவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இப்போதும் பெயர் வேண்டாம், விஷயம் மட்டும் போதும். காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் டைல்ஸ், பலகாரம், கண்டாங்கிச் சேலை, ஹோம்ஸ்டே என்று எந்தத் தொழில் வைத்திருந்தாலும் 'சார், உங்க பிசினஸை கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜுக்குக் கொண்டுவர்றோம்' என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த தடவை அந்த போனை எடுக்கும்போது இதில் இருப்பது உதவும்.

எங்களுடையது ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது டிசைன் போட்ட சிமெண்ட் தரை டைல்ஸ், போடுகிற பட்டறை. மாதம் 15,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, குறைந்தது 6 மாதம் என்று ஒப்பந்தம். வெப்சைட்டையும் அவர்களே புதிதாகப் போட்டு, டொமைனையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். பேச்சு, கையெழுத்து, முன்பணம் எல்லாம் மளமளவென்று நடந்தன. பணம் வாங்குகிற கட்டத்தில் யாருக்கும் நெட்வொர்க் பிரச்சினை வருவதில்லை.

முதல் பேச்சிலேயே 90 நாளில் முதல் இடம், கேரண்டி என்றார்கள். தேடலில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. வேலை செய்து பலன் தெரிய 4 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும் என்பதும் கூகுள் தரப்பில் சொன்னதுதான். அப்புறம் கம்பெனிக்காரர்கள் 'நாங்க கூகுள் பார்ட்னர்' என்று ஒரு முத்திரையைக் காட்டினார்கள். அந்த பார்ட்னர் திட்டம் கூகுள் விளம்பரத்துக்கானது. தேடல் முடிவில் உங்களை மேலே ஏற்ற அந்த முத்திரை ஒன்றும் செய்யாது. விளம்பரத்துக்குக் காசு கொட்டினாலும் சாதாரணத் தேடல் முடிவில் இடம் மாறாது. பில்லில் 'கூகுள் லிஸ்டிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பட்டியலில் சேர்க்க கூகுள் ஒரு பைசாவும் வாங்குவதில்லை.

மாதாமாதம் ரிப்போர்ட் வந்தது. கலர் கலராக வட்டம், கோடு, மேல்நோக்கிய பச்சை அம்புக்குறி. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சரிப்பா, இதனால எத்தனை சதுர அடி போச்சு?" அதே கேள்வியை அவர்களிடம் கேட்டால், "சார், ட்ராஃபிக் பில்ட் ஆகிட்டிருக்கு" என்று பதில். எங்கள் கணக்கைப் பார்க்கிற பெண் பாவம், நல்ல பிள்ளைதான். ஆனால் அவருக்கும் எழுதிக் கொடுத்த பதில்தான் தெரியும்.

ரிப்போர்ட்டில் முதல் இடம் என்று போட்டிருந்த சொற்றொடர்களை உட்கார்ந்து படித்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. ஒன்று, எங்கள் பட்டறையின் பெயர். எங்கள் பெயரை அடித்தால் நாங்கள் வராமல் வேறு யார் வருவார்கள்? மற்றவை 'சிவகங்கை மாவட்டத்தில் சிறந்த கைவினைப் பாரம்பரியத் தரை ஓடு தயாரிப்பாளர்' என்கிற ரகம். வீடு கட்டுகிற மனுஷன் எவனாவது இப்படித் தேடுவானா? போட்டி இல்லாத சொல்லில் முதலில் வருவதற்குத் திறமை தேவையில்லை. அவர்கள் காட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். அந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் வெப்சைட் உண்மையில் எத்தனை தடவை காட்டப்பட்டது, அதில் எத்தனை தடவை சொடுக்கி உள்ளே வந்தார்கள் என்று கேளுங்கள். நம் வெப்சைட் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் இரண்டும் இலவசமாகத் தெரியும். உங்கள் போனிலேயே தேடிப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம். ஆத்தங்குடியில் உட்கார்ந்துகொண்டு தேடினால் பக்கத்தில் இருக்கிற கடைதான் மேலே வரும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற சொந்தக்காரரைத் தேடச் சொன்னால்தான் ஓரளவு நிலவரம் தெரியும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்போம். கட்டுரைகள்தான் வயிற்றெரிச்சல். மாதத்துக்கு இத்தனை கட்டுரை என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், எங்கேயோ உட்கார்ந்திருக்கிற யாரோ ஆத்தங்குடிப் பக்கமே வராமல் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஒரு கட்டுரையில் எங்கள் கல் 'பாரம்பரியச் சூளையில் பதமாகச் சுட்டெடுக்கப்படுகிறது' என்று இருந்தது. பட்டறைக்கு ஒரு தடவை வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே சூளை கிடையாது. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே டிசைன் அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் கலர்க் கலவையை ஊற்றுவார்கள். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி பட்ட முகத்தில் வருவது. நெருப்புக்கு இதில் வேலையே இல்லை. ஓர் ஆர்க்கிடெக்ட் கூப்பிட்டு, "சுட்ட கல்னா எத்தனை டிகிரி?" என்று கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அதைவிட மோசம் இன்னொரு கட்டுரை. கறை போக ஆசிட் கலந்த கிளீனர் போட்டுத் துடைக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். இது சிமெண்ட் கல். ஆசிட் பட்டால் மேல்பரப்பு அரித்துப்போகும், பளபளப்பு போய்விடும். கோயம்புத்தூரில் ஓர் அம்மா நம் வெப்சைட்டில் இருந்ததை நம்பி நடுஹாலில் ஊற்றித் தேய்த்துவிட்டு, திட்டுத் திட்டாக வெளுத்துப்போன தரையைப் படம் எடுத்து அனுப்பினார். "உங்க சைட்டுலதானே தம்பி போட்டிருந்தீங்க" என்றார். அந்த இடத்துக்கு மட்டும் கல்லை மாற்றிக் கொடுத்தோம். கம்பெனியில் கேட்டதற்கு, "கன்டென்ட் அப்ரூவலுக்கு மெயில் அனுப்பியிருந்தோம் சார், மூணு நாள்ல பதில் வரலைன்னா அப்ரூவ்டுன்னு அக்ரிமெண்ட்ல இருக்கு" என்றார்கள். அந்த மெயில் போனது அவர்களே உருவாக்கி, எங்களிடம் பாஸ்வேர்டு கொடுக்காத மெயில் ஐடிக்கு. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தொழில் தெரிந்தவர் பார்க்காமல் ஒரு வரிகூட ஏறக் கூடாது.

அடுத்தது மேப். கூகுள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது மேப்பில் கடையின் பெயர், இடம், நம்பர் காட்டுகிற பக்கத்தில், எங்கள் இடத்தை ஆத்தங்குடியில் வைக்காமல் காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே குத்தி வைத்திருந்தார்கள். காரைக்குடியில் தேடுகிறவர்கள் அதிகமாம், அதனால் இந்த 'உத்தி'யாம். பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வெயிலில் சந்து சந்தாகச் சுற்றிவிட்டு, ஒரு டீக்கடையில் விசாரித்து, கடைசியில் ஆத்தங்குடிக்கு வந்தார்கள். வந்தவர்கள் நல்லவர்கள், ஆர்டரும் கொடுத்தார்கள். வராமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. இல்லாத இடத்தில் முகவரி காட்டுவது கூகுள் விதிக்கே எதிரானது. மாட்டினால் புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள்.

ஆக, போதும் என்று முடிவு செய்தோம். நோட்டீஸ் கொடுப்பதில் சிக்கல் இல்லை. பிரிந்து வருவதில்தான் சிக்கல்.

டொமைன் பதிவுசெய்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், "ரெஜிஸ்டர்டு மெயிலிலிருந்து எழுதுங்கள்" என்றார்கள். பதிவில் இருந்தது எஸ்இஓ கம்பெனியின் மெயில், அவர்கள் பெயர். டாட் காம் டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற அங்கீகாரக் குறியீடு கேட்டால் 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்த உரிமை பதிவுப்பெயரில் இருப்பவருக்கு. எங்கள் பட்டறை பெயரில், எங்கள் காசில் வாங்கிய டொமைனுக்கு அந்த விதிப்படி நாங்கள் மூன்றாம் மனிதர். வீட்டைக் கட்டியவன் நாம், பத்திரம் கொத்தனார் பெயரில் என்கிற கதை.

கம்பெனிக்காரர்கள் முதலில் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, "டெவலப்மெண்ட் பேலன்ஸ் இருக்கு சார், கிளியர் பண்ணா ட்ரான்ஸ்ஃபர் பண்ணிடலாம்" என்றார்கள். அப்படி ஒரு பாக்கி எந்தப் பில்லிலும் இல்லை. எங்களைக் காப்பாற்றியது முதல் மாதத்துப் பில்தான். 'டொமைன் பதிவுக் கட்டணம், வாடிக்கையாளர் சார்பில்' என்று அதில் தனி வரி இருந்தது. அம்மா எந்தத் தாளையும் தூக்கிப் போடமாட்டார்; கரண்ட் பில்லோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்தார். காரைக்குடியில் தெரிந்த வக்கீல் ஒருவர் அந்தப் பில் நகலை இணைத்து ஒரு கடிதம் அனுப்பியதும் குரல் மாறிவிட்டது. 'டொமைன் கட்டணம்' என்று மொட்டையாகப் போடவிடாதீர்கள். 'சார்பில்' என்ற அந்த ஒரு சொல் எங்களுக்குப் பல ஆயிரம் மிச்சம்.

இதில் ஒரு நுணுக்கம். பதிவுப்பெயரை மாற்றிவிட்டு உடனே வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தால் 60 நாள் பூட்டு விழ வாய்ப்புண்டு. அதனால் அதே பதிவு நிறுவனத்தில் நாங்கள் ஒரு கணக்கு தொடங்கி, அவர்கள் கணக்கிலிருந்து எங்கள் கணக்குக்கு உள்ளேயே தள்ளிவிடச் சொன்னோம். அது சீக்கிரம் முடிந்தது.

பிசினஸ் புரொஃபைலுக்கு வேறு வழி. உரிமை கேட்டு விண்ணப்பித்தால் இப்போதைய ஓனருக்கு கூகுள் 3 நாள் அவகாசம் கொடுக்கிறது. பதில் இல்லையென்றால் நாம் சரிபார்ப்புக்குப் போகலாம். எங்களுக்கு வீடியோ சரிபார்ப்பு வந்தது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெரு, அக்கம்பக்கம், பெயர்ப்பலகை, உள்ளே வேலை செய்கிற சாமான்கள், நிர்வாகம் நம் கையில்தான் என்பதற்கு அடையாளமாகப் பூட்டைத் திறந்து காட்டுவது. தம்பி போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர, நான் கதவைத் திறந்து, கண்ணாடி அடுக்கு, அச்சு, ஊறல் தொட்டி வரை நடந்து காட்டினேன். நிராகரித்துவிட்டார்கள். பார்த்தால், புரொஃபைலில் எங்கள் பெயருக்குப் பின்னால் 'பெஸ்ட் ஆத்தங்குடி டைல்ஸ் லோயஸ்ட் பிரைஸ் காரைக்குடி' என்று வால் ஒட்டியிருந்தது. எங்கள் பலகையில் இருப்பது தாத்தா எழுதி வைத்த பெயர் மட்டும். கடைப்பலகையில் இருக்கிற பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும். தேடுசொல்லைத் திணிப்பதும் விதிமீறல்தான். உரிமை கைக்கு வருவதற்கு முன்பே சாதாரணமாக யாரும் மேப்பில் திருத்தம் பரிந்துரைக்கலாம். பெயரையும் இடத்தையும் அப்படிச் சரிசெய்த பிறகு எடுத்த வீடியோ ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் பணியாரம்.

சர்ச் கன்சோலை டொமைன் வழியாக நாங்களே சரிபார்த்துக்கொண்டோம். பழைய ஆட்களை நீக்கும்போது பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வெப்சைட்டில் அவர்கள் வைத்திருக்கும் சரிபார்ப்புக் கோப்பையும் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் உள்ளே வந்துவிடலாம். அப்புறம் அவர்கள் பெருமையாகக் காட்டிய 'பேக்லிங்க்' பட்டியலை, அதாவது நம் வெப்சைட்டுக்கு இணைப்பு கொடுத்திருக்கும் மற்ற தளங்களின் பட்டியலை, திறந்தோம். சூதாட்டத் தளம், மருந்து விற்கிற தளம், எந்த மொழி என்றே தெரியாத தளம். காசு கொடுத்து வாங்கும் இணைப்புகள் கூகுள் கணக்கில் ஸ்பேம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூகுள் தண்டனை கொடுத்திருந்தால் கன்சோலில் காட்டும் 'கைமுறை நடவடிக்கை' பக்கத்தில் சிக்கல் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்படித் தண்டனை எதுவும் இல்லாதபோது இந்தக் குப்பை இணைப்புகளை நாமே கிளறிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது எஸ்இஓ வேண்டாம் என்று சொல்கிறேனா என்றால், இல்லை. கன்சோலைத் திறந்து பார்த்தால் ஜனங்கள் தேடுவது கண்ணெதிரே இருக்கிறது: சதுர அடி விலை, பாத்ரூமுக்குப் போடலாமா, கலர் மங்குமா, எப்படித் துடைப்பது, பெங்களூருக்கு லாரியில் வந்தால் எத்தனை கல் உடையும். தினமும் போனில் நாங்கள் சொல்கிற பதில்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினோம். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுகிறார்கள், அதையும் கவனித்துக்கொண்டோம். போட்டோக்களின் எடையைக் குறைத்ததும் வெப்சைட் போனில் சட்டென்று திறக்கிறது. இந்தத் தொழில்நுட்ப வேலைக்கு மட்டும் ஒரு தனி ஆளை வேலைக்கு இவ்வளவு என்று பேசி வைத்திருக்கிறோம். கணக்கெல்லாம் எங்கள் பெயரில், அவருக்கு மேனேஜர் அனுமதி மட்டும். பழகாத மேஸ்திரி இந்தக் கல்லை எப்படிப் பதிக்க வேண்டும் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு, புதுச்சேரியிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அவருடைய சதுர அடிக் கணக்கு கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. புரொஃபைலிலும் சில லிஸ்டிங் தளங்களிலும் அவர்கள் போட்டிருந்தது எங்கள் நம்பர் இல்லை, அழைப்பை எண்ணுவதற்கென்று அவர்கள் வாங்கிய நம்பர். புரொஃபைலில் மாற்றியாகிவிட்டது. லிஸ்டிங் தளங்களில் இன்னும் பழைய நம்பர்தான் ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதுவரை எங்களைத் தேடிக் கூப்பிடுகிறவர்களுக்கு மணி அங்கேதான் அடிக்கிறது.