கம்பளியும் முடிதான்

புது நாட்டில் முதல் பனிக்காலம் தொடங்கியபோது என் உடம்பில் அதிகம் தவித்தவை கால்விரல்கள். கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் வாங்கியிருந்தேன். காலுக்கு மட்டும் பழைய பருத்தி சாக்ஸே போதும் என்று நினைத்துவிட்டேன். நின்றுகொண்டே செய்யும் வேலை. குளிருக்காக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி மாட்டிக்கொள்வேன். பூட்ஸுக்குள் இடமில்லாமல் கால் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், இன்னும் குளிரும். போதாக்குறைக்குப் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மதியத்துக்குள் விரல்கள் மரத்துவிடும்.

எங்கள் மாடியிலேயே ஓர் அக்கா குடியிருக்கிறார். எனக்குப் பல வருடம் முன்பே இங்கு வந்தவர். ஒரு மாலை கதவைத் தட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் கொடுத்தார். அவரே பின்னியது. "ரெண்டு ஜோடியெல்லாம் வேண்டாம் தம்பி, இது ஒண்ணு போதும்" என்றார். மறுநாள் முழுக்கக் கால் கதகதவென்று இருந்தது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்வாங்கிக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது என்பதையெல்லாம் பின்னால்தான் படித்தேன். மாலையில் பூட்ஸைக் கழற்றும்போது விரல்களில் உணர்ச்சி இருந்தது. அன்றைக்கு அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

அந்த சாக்ஸை இரண்டே வாரத்தில் கெடுத்துவிட்டேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான வாஷிங் மெஷின் உண்டு. ஜீன்ஸ், துண்டு, போர்வை உறையோடு சாக்ஸையும் போட்டு, நன்றாக அழுக்குப் போகட்டும் என்று சூடான தண்ணீர் ஓட்டத்தை வைத்தேன். பிறகு அப்படியே டிரையரில். வெளியே எடுத்தபோது அது சிறு குழந்தையின் கால் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அட்டைபோலத் தடித்து, பின்னல் கண்ணுக்கே தெரியாமல் மூடிப்போயிருந்தது. இழுத்துப் பார்த்தேன், கொஞ்சமும் நீளவில்லை. ஒருவர் எத்தனை மாலைகள் உட்கார்ந்து பின்னியிருப்பார் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. மூன்று நாள் அவர் கண்ணில் படாமல் போய்வந்தேன்.

கடைசியில் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா கோபப்படவில்லை. பின்னாத கம்பளிப் பஞ்சு கொஞ்சம் வைத்திருந்தார். ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு, உருட்டச் சொன்னார். சில நிமிடத்தில் அந்தப் பஞ்சு இறுகி ஒரு சின்ன உருண்டையாகிவிட்டது. பிரிக்க முயன்றேன், பிரியவில்லை. "மெஷினுக்குள்ள நடந்தது இதுதான். இது நூல் துணி இல்ல தம்பி, ஆட்டோட முடி. உன் தலைமுடியை எப்படி அலசுவியோ அப்படித்தான் இதையும் அலசணும்" என்றார்.

அந்த உருண்டை எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் ஓடு வேய்ந்த கூரைபோல நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் ஒரே திசையில், நுனியைப் பார்த்து. ஈரமும் சூடும் பட்டால் இழை இளகி, செதில்கள் சற்றே விரிகின்றன. அந்த நேரத்தில் தேய்த்தாலோ உருட்டினாலோ, ஒவ்வொரு இழையும் எளிதாக நகரக்கூடிய ஒரே திசையில் நகர்ந்து, பக்கத்து இழையோடு பின்னிக்கொள்கிறது. திரும்பி வர முடியாது, செதில் தடுக்கும். சுருக்கம் என்று நாம் சொல்வது இந்தச் சிக்கலைத்தான். சூட்டைவிடக் குலுக்கலும் உரசலும்தான் பெரிய எதிரி. கம்பளியை ஆடாமல் அசையாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஜீன்ஸோடு ஒரு மணி நேரம் உருள விட்டால் அவ்வளவுதான்.

இது புரிந்தபின் துவைக்கும் முறையை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு பேசினில் கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். அதில் கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பைக் கொஞ்சம் கரைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் மென்மையான ஷாம்புகூடப் போதும், முடிதானே. சாதாரண சலவைத்தூள் இரண்டு வகையில் ஆகாது: அதன் காரம் இழையைக் கெடுக்கும். அத்துடன் ரத்தக்கறை, பால்கறை போக்குவதற்காகச் சேர்க்கும் புரதம் அரிக்கும் என்சைம்களுக்குக் கம்பளியும் ஒரு புரதம்தான். குளோரின் பிளீச் பக்கத்திலேயே வரக்கூடாது, அது கம்பளியைக் கரைத்தேவிடும்.

சாக்ஸை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி முக்குகிறேன். அழுக்கும் வியர்வையும் உள்ளேதானே இருக்கின்றன. கையால் மெல்ல அமுக்கி அமுக்கி விட்டு, பத்து நிமிடம் ஊறவிடுகிறேன். கசக்கவோ தேய்க்கவோ கூடாது. பருத்தி மட்டுமே துவைத்துப் பழகிய கை தானாகக் கசக்கப் போகும், அதை அடக்கத்தான் எனக்குப் பல நாள் ஆனது. அப்புறம் அதே சூட்டில் உள்ள நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல். குழாயின் வேகத்தை நேராக அதன்மேல் விடுவதில்லை.

பிழிவதிலும் கவனம் வேண்டும். முறுக்கினால் ஈரக் கம்பளி வடிவம் கெட்டு நீண்டுபோகும். உலர்ந்த துண்டு ஒன்றை விரித்து, சாக்ஸை அதன்மேல் பரப்பி, பாய்போலச் சுருட்டி, அதன்மேல் கையை ஊன்றி அழுத்துகிறேன். பாதி ஈரத்துக்கு மேல் துண்டுக்குப் போய்விடும். பிறகு குதிகால், விரல் பகுதியைக் கையால் நீவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வலைத்தட்டில் படுக்கவைக்கிறேன். சரியாக இந்த நேரத்தில் எந்த வடிவத்தில் வைக்கிறோமோ அந்த வடிவத்தில்தான் அது உலரும்.

குளிர்நாட்டில் உலர்த்துவது ஒரு தனிப் பிரச்சினை. வெளியே வெயில் இல்லை, வீட்டுக்குள் ஹீட்டர்மேல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நேரடிச் சூட்டில் கம்பளி வறண்டு முரடாகிறது, மேல்விளிம்பில் இழுவைக்குச் சேர்த்திருக்கும் எலாஸ்டிக்கும் தளர்ந்துபோகிறது. ஹீட்டர் இருக்கும் அறையிலேயே, அதிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தால் போதும். தடித்த சாக்ஸ் காய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். மூடிய அறையில் துணி காய்ந்தால் சுவரில் பூஞ்சணம் வரும், அதனால் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவைப்பேன்.

கடையில் வாங்கும் சாக்ஸில் பல மெஷினுக்கும் தாங்கும். செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூசிய கம்பளியில் செய்தவை அவை. குதிகாலில் நைலானும் கலந்திருக்கும். லேபிளைப் பார்க்கவேண்டும். தண்ணீர்த் தொட்டிப் படத்துக்குக் கீழே இரண்டு கோடு இருந்தால் மிக மென்மையான ஓட்டம், தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். சதுரத்துக்குள் வட்டம் வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் டிரையர் கூடாது. அனுமதி இருந்தாலும் நான் வலைப்பைக்குள் போட்டு, கம்பளி ஓட்டத்தில், ஜீன்ஸ் இல்லாமல்தான் போடுகிறேன்.

இவ்வளவையும் தினமும் செய்யவேண்டியதில்லை என்பதுதான் நல்ல செய்தி. கம்பளியில் நாற்றம் சீக்கிரம் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காற்றாட விரித்துவைத்தால் இரண்டு மூன்று முறை போடலாம். மூன்று ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் ஓய்வு கிடைக்கிறது.

சுருங்கிய அந்த முதல் ஜோடியைக் காப்பாற்ற முடியுமா என்றும் பார்த்தேன். தலைமுடிக் கண்டிஷனர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து மெல்ல இழுத்தேன். லேசாகச் சுருங்கியது என்றால் இது கொஞ்சம் உதவும். என்னுடையது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் அப்படி இறுகிய கம்பளியைக் கத்தரியால் வெட்டினாலும் நூல் பிரியாது. அக்கா அதைக் குதிகால் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார், பூட்ஸுக்குள் அடியில் போட்டுக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க உழைத்தது.

பனி உருகிப் பூட்ஸ் அலமாரிக்குள் போகும் நாளில் எல்லா ஜோடியையும் ஒருமுறை அலசி, முழுக்க உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைக்கிறேன். வியர்வை படிந்த கம்பளியென்றால் துணி அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வருடம் அப்படியே வைத்துவிட்டேன், விரல் பகுதியில் மூன்று ஓட்டை. அதே சாம்பல் நிற நூல் அக்காவிடம் மிச்சம் இருந்தது, தைத்துக் கொடுத்தார்.