பறவைக்கும் விமானத்துக்கும் ஒரே சொல்

"ஹகுனா ன்டெகே" என்றார் லாரி ஓட்டுநர். 2010 ஏப்ரல், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் உள்ள ஒரு ரோஜாப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. ஸ்வாஹிலியில் ன்டெகே என்றால் பறவை. விமானத்துக்கும் அதே சொல்தான். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் பரவி, ஐரோப்பாவின் வான்வெளியை மூடிவிட்டார்கள். எங்கள் பூவை நைரோபியிலிருந்து நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்கு ஏற்றிப்போகும் விமானம் இல்லை.

விமானம் நின்றாலும் ரோஜா பூப்பது நிற்காது. வெட்டாமல் விட்டால் செடியிலேயே விரிந்து, அடுத்த அறுவடையும் கெடும். அதனால் வழக்கம்போலக் காலையும் மாலையும் வெட்டினோம், தரம் பிரித்தோம், வாளிகளில் வைத்தோம். நான்காம் நாள் குளிர் அறையில் கால் வைக்க இடமில்லை. டிராக்டரில் அள்ளிப் போய் உரக்குழியில் கொட்டினோம். அறுபது சென்டிமீட்டர் தண்டு, இதழில் ஒரு கீறல் இல்லை. தரம் பிரிக்கும் பெண்களில் தற்காலிகமாக வந்தவர்களை, விமானம் விட்டதும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். அதைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அவர்கள் யாரும் கோபப்படவில்லை. "போலே" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் ஓசூர்ப் பக்கத்துக்காரன். தோட்டக்கலை படித்துவிட்டு அங்கேயே பசுமைக்குடில் ரோஜாவில் ஐந்து வருடம் இருந்தேன். எங்கள் பக்கம் தொழில் கற்றவர்கள் கென்யாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் போவது அப்போது வழக்கமாகியிருந்தது. நைவாஷா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,880 மீட்டர் உயரம். நிலநடுக்கோடு பக்கத்தில் என்பதால் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல், இரவில் நல்ல குளிர். நெதர்லாந்தில் குளிர்காலத்தில் எரிவாயு எரித்தும் விளக்குப் போட்டும் உண்டாக்க வேண்டிய பருவத்தை இங்கே இயற்கை சும்மா தருகிறது. கென்யாவையும் நெதர்லாந்தையும் கட்டிப்போட்டது முதலில் இந்த வெயில்தான் என்று நினைக்கிறேன். தூதரகங்களும் ஒப்பந்தங்களும் அதன் பின்னால் வந்தவை.

பண்ணைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நெதர்லாந்து தெரியும். குடிலின் வடிவமைப்பு, சொட்டுநீர்க் கணக்கு, சுற்றுச்சூழல் தரச்சான்று எல்லாம் அங்கிருந்து வந்தவை. கென்யா ஏர்வேஸ் தனியார்மயமானபோது, 1996-ல், அதில் 26 சதவீதம் வாங்கியது நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம். புதிய பயிர் ரகங்களின் உரிமையைக் காக்கும் யூபோவ் ஒப்பந்தத்தில் கென்யா 1999-ல் சேர்ந்தது. அதனால் ஐரோப்பிய ரக உற்பத்தியாளர்கள் நம்பிப் புது ரோஜாக்களைத் தந்தார்கள், நாங்கள் செடிக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை கட்டினோம். டச்சு ஆலோசகர்களிடம் நான் கற்றது ஏராளம். வெட்டிய தண்டு எத்தனை நிமிடத்துக்குள் தண்ணீரைத் தொட வேண்டும் என்பதை ஒருவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து காட்டினார். கற்றுக்கொடுப்பதில் அவர்கள் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

2012-ல் நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் பூ ஏலக்கூடத்தைப் பார்க்கப் போனேன். காலை ஆறு மணிக்கே வாங்குபவர்கள் படிக்கட்டு இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர் ஏலத்தில் விலை ஏறும். அங்கே மேலேயிருந்து இறங்கும். பெரிய கடிகார வட்டத்தில் ஒரு ஒளிப்புள்ளி சரசரவென்று கீழே வர, முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. எங்கள் பண்ணையின் வண்டி வந்தது, ஓரிரு நொடியில் போய்விட்டது. அந்தப் பொத்தான் அழுத்தப்படும்வரை பூ எங்களுடையது, விமானக் கூலி எங்களுடையது, வாடினால் நட்டமும் எங்களுடையது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் விதிப்படிதான். ஆனால் ஒளிப்புள்ளி இறங்கிய ஒவ்வொரு சென்ட்டுக்கும் எனக்குத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்பவர்களின் முகம் ஞாபகம் வந்தது.

2014-ஐத்தான் நான் மறக்க முடியாது. கென்யப் பூ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சலுகை தொடர, கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகள் ஐந்தும் சேர்ந்து ஒரு பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். கெடு செப்டம்பர் 30. தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி நான்கும் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருந்தன. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவற்றுக்குச் சுங்கம் கிடையாது. கென்யா மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. கூட்டாகத்தான் பேச வேண்டும், ஆனால் பேச்சு முறிந்தால் அடி ஒருவருக்கு மட்டும்.

முறிந்தது. அக்டோபர் 1 முதல் சுங்கம். எங்கள் ஏற்றுமதி எழுத்தர் மேசை இழுப்பறையில் இருந்த, சுங்கமில்லாமல் அனுப்பப் பயன்பட்ட ஈயூஆர்-1 படிவக் கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, 'ஃபார்ம் ஏ' என்ற வேறொரு படிவத்தை நிரப்பத் தொடங்கினார். அதே பெட்டி, அதே பூ, தாள் மட்டும் மாறியது. சுங்கத்தை ஆல்ஸ்மேரில் முகவர் கட்டிவிட்டு எங்கள் கணக்கில் கழித்துக்கொண்டார். பூவின் விலையை நாங்கள் ஏற்ற முடியாது, அதை நிர்ணயிப்பது கடிகாரம். எத்தியோப்பியப் பூ சுங்கமில்லாமல் அதே கூடத்தில் வந்து நின்றது. இரண்டாம் வாரமே நிர்வாகம் மிகைநேர வேலையை நிறுத்தியது.

எங்கள் மேசையில் மூத்தவர் ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை 'மாமா' என்று அழைப்பார்கள். ஸ்வாஹிலியில் அது அம்மா. எனக்கு அந்தச் சொல் நாக்கில் படிய ஒரு வருடம் ஆனது. மூன்று பிள்ளைகள், மூத்தவள் விடுதியில் தங்கிப் படித்தாள். மிகைநேரப் பணம்தான் அந்த விடுதிக் கட்டணம். அவர் என்னிடம் வந்து, "புருசெல்ஸ் என்பவர் எப்போது கையெழுத்துப் போடுவார்?" என்று கேட்டார். வானொலியில் கேட்ட பெயரை ஒரு அதிகாரியின் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் ஊர் என்று நான் திருத்தவில்லை. அவர் கேட்டதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் நடுவில் பேச்சு உடன்பாட்டில் முடிந்தது. ஆனாலும் நடைமுறைகள் முடிந்து சுங்கம் நீங்கியது டிசம்பர் 25 அன்றுதான். மூத்தவள் அந்தப் பருவம் வீட்டில் இருந்தாள்.

அதற்குப் பிறகும் ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது. 2016-ல் கென்யாவும் ருவாண்டாவும் கையெழுத்திட்டன. தான்சானியா மறுத்தது; தன் இளம் தொழிற்சாலைகளை ஐரோப்பியப் பொருள்கள் நசுக்கிவிடும் என்ற அச்சம், அதையும் தள்ளிவிட முடியாது. கடைசியில் கென்யா தனியாகப் போய் 2023 டிசம்பர் 18-ல் நைரோபியில் ஒப்பமிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறை. அடுத்த மார்ச்சில் நெதர்லாந்து அரசரும் அரசியும் கென்யாவுக்கு வந்துபோனார்கள்.

சுங்கக் கவலை தீர்ந்ததும் புழு வந்தது. வந்தது என்பது சரியில்லை, ஆப்பிரிக்காவில் அது எப்போதும் உண்டு. ஃபால்ஸ் காட்லிங் மாத் என்ற அந்துப்பூச்சியின் புழு மொட்டுக்குள் துளைத்துக் குடியிருக்கும். ஐரோப்பாவுக்குள் அது நுழையக் கூடாது என்று 2025 ஏப்ரல் 26 முதல் ரோஜாவுக்குப் புதிய விதிகள். பண்ணையில் பொறி வைப்பதிலிருந்து பேக்கிங் மேசைச் சோதனைவரை எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். விதி நியாயமானதுதான். ஐரோப்பிய விவசாயியும் விவசாயிதான். ஆனால் சோதனையில் ஒரு புழு தெரிந்தாலும் அந்தச் சரக்கு முழுவதும் போய்விடும், அந்த நட்டமும் இந்தப் பக்கத்துக்குத்தான்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், மாமா புதிதாகச் சேர்ந்த நான்கு பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தலைகீழாகப் பிடித்து, பச்சைப் புல்லிவட்டத்தைக் கட்டைவிரலால் மெல்ல விலக்கினார். இதழின் அடியில் ஊசி முனை அளவு ஒரு கரும்புள்ளி. "இதைப் பார்க்காவிட்டால் முழு ன்டெகேயும் வீண்" என்றார். அந்தத் தண்டைச் சிவப்பு வாளியில் போட்டார். அடுத்த மொட்டை எடுத்து, பார்க்காமல் நால்வரில் ஒரு பெண்ணின் கையில் கொடுத்தார்.